நவம்பர் 7: வளவில் செசீலியா மெய்ரேலிஸ் – ஒரு வாசிப்பு மாலையை நடத்தும் முறை

ராயவரத்தில் அழ. வள்ளியப்பா பிறந்தது 1922 நவம்பர் 7. ரியோ டி ஜெனிரோவில் பிரேசில் கவிஞர் செசீலியா மெய்ரேலிஸ் பிறந்தது 1901 நவம்பர் 7. முன்னவர் இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்குப் பாட்டெழுதினார். பின்னவர் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்துகொண்டு எழுதினார். இறந்து கால் நூற்றாண்டு கழித்து, 1989ல், பிரேசிலின் 100 குருசாடோ நோவோ நோட்டில் அவருடைய முகம் அச்சாயிற்று. ஐந்தொகைக் கணக்கு வீட்டுப் பேச்சாக இருக்கிற செட்டிநாட்டு வட்டாரத்தில் ஒரு வெளிநாட்டுக் கவிஞரைக் கொண்டுவந்து உட்கார வைக்க இதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

இங்கே சொல்வது 40 பேர், ஒன்றரை மணி நேரம், ஒரு வீட்டு வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) அல்லது நூலகக் கூடம் என்ற அளவுக்குப் பொருந்தும். நூறு பேருக்கு மேல் போனால் மைக், மேடை, பொன்னாடை எல்லாம் தாமாக வந்து சேரும். கவிதை பின்வரிசைக்குப் போகும். கம்பன் விழாவில் நாள்கணக்கில் உட்கார்ந்து பழகிய ஊர், கேட்கத் தெரிந்த ஊர். அந்தப் பழக்கத்தோடு முன்னிலை, தலைமை, வாழ்த்துரை என்ற வரிசையும் ஒட்டிக்கொண்டு வரும். அதை முகப்பிலேயே நிறுத்திவிடுங்கள். வரவேற்க ஒருவர் (2 நிமிடம்), வாசிக்க இருவர், இடையில் பேச ஒருவர். நாலு பேர் போதும்.

அடிப்படை விதி ஒன்றுதான்: கவிதையை முதலில் வாசியுங்கள், வாழ்க்கையை அந்தக் கவிதை கேட்கிற அளவுக்கு மட்டும் பிறகு சொல்லுங்கள். இதை மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்பது எளிதில் ஊகிக்கக்கூடியது. செசீலியா பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பே அப்பா இறந்துவிட்டார். மூன்று வயதில் அம்மா போனார். அவருக்கு முன் பிறந்த மூன்று குழந்தைகளும் தங்கவில்லை. 1935ல் முதல் கணவர், ஓவியர் பெர்னாண்டோ கொரெய்யா தியஸ், தற்கொலை செய்துகொண்டார். இதை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் பத்தாவது நிமிடத்தில் கூடம் துக்க வீடாகிவிடும். அதற்குப் பிறகு வாசிக்கிற ஒவ்வொரு கவிதையும் ஒப்பாரியாகவே காதில் விழும். அவரோ தன்னை மகிழ்ச்சிக்காரி என்றும் சொல்லிக்கொள்ளவில்லை, துயரக்காரி என்றும் சொல்லிக்கொள்ளவில்லை. 'மொச்சிவு' என்ற கவிதையில் இரண்டையும் மறுத்துவிட்டு, கவிஞர் என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறார். மாலையை அதில்தான் தொடங்க வேண்டும்.

ஆண்டுகளை ஊரோடு முடிச்சுப் போடுதல்

பேசுகிறவர் தாளைப் பார்த்து ஆண்டுகளை ஒப்பித்தால் யார் மனத்திலும் நிற்காது. உள்ளூர் நிகழ்ச்சிகளோடு கட்டிவிட்டால் மறக்காது. நமக்கு வசதியாகச் சில பொருத்தங்கள் அமைந்திருக்கின்றன.

1919: பாரதி காரைக்குடிக்கு வந்து இந்து மதாபிமான சங்கத்தாரோடு நின்று படம் எடுத்துக்கொண்ட ஆண்டு. அதே ஆண்டு, 18 வயதில், செசீலியாவின் முதல் நூல் 'எஸ்பெக்த்ருஸ்' வந்தது. 1922: வள்ளியப்பா பிறந்த ஆண்டு, செசீலியாவுக்கு முதல் திருமணம், பிரேசில் நவீனத்துவத்தின் தொடக்கமாகச் சொல்லப்படும் நவீனக் கலை வாரம் சாவோ பாவ்லோ நகர நாடக அரங்கில் பிப்ரவரியில் நடந்ததும் அப்போதுதான். 1939: சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். லிஸ்பனில் செசீலியாவின் 'வியாஜெம்' (பயணம்) அச்சானது. 1953: ஜனவரியில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை (சிக்ரி) ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார், அந்த மாதம் செசீலியா டெல்லியில், காந்திய நெறி பற்றிய கருத்தரங்கில் இருந்தார். அழைத்தது நேருவின் அரசு. சிக்ரிக்கு 1948ல் அடிக்கல் நாட்டியவரும் நேருதான். 1964: மே மாதம் நேரு மறைந்தார், நவம்பர் 9ல் செசீலியா. 63வது பிறந்தநாள் முடிந்து இரண்டே நாள்.

இந்த ஐந்து முடிச்சும் போதும். இவற்றை ஐந்து ஏ3 தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டு வளவுத் தூண்களில் ஒவ்வொன்றாகக் கட்டிவிட்டால் பேச்சாளருக்கு அரை வேலை மிச்சம். தூணில் ஆணி அடிக்கக் கூடாது, பசையும் ஒட்டக் கூடாது. பர்மாத் தேக்கில் பசைக்கறை ஏறினால் வார்னிஷோடுதான் போகும். மெல்லிய பருத்தி நாடாவால் கட்டுங்கள்.

அடிக்கடி நேரும் பிழைகளையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1922 கலை வாரத்தில் செசீலியா கலந்துகொண்டதாகச் சிலர் எழுதிவிடுகிறார்கள். கலந்துகொள்ளவில்லை. அவர் ரியோவில், 1927ல் தொடங்கிய 'ஃபெஸ்தா' இதழைச் சுற்றியிருந்தவர்களோடு சேர்த்து எண்ணப்படுபவர். சாவோ பாவ்லோக்காரர்கள் யாப்பை உடைத்து, தெருப்பேச்சையும் கேலியையும் உள்ளே கொண்டுவந்தபோது, இவர் எதுகையையும் சந்தத்தையும் கைவிடாமலே நவீனமானார். இலக்கிய வரலாறு அவரை நவீனத்துவத்தின் இரண்டாம் தலைமுறையில் வைக்கிறது. சந்தம் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு இது நல்ல செய்தி, அழுத்திச் சொல்லுங்கள்.

இன்னொரு பிழை 'வியாஜெம்' ஆண்டு. பிரேசில் இலக்கியக் கழகத்தின் கவிதைப் பரிசு கிடைத்தது 1938, நூல் வந்தது 1939. இந்தியப் பயணத்தில் பிறந்த கவிதைத் தொகுதிக்கும் இதே சிக்கல்: பயணம் 1953, நூல் 1961. மச்சாடோ டி அசிஸ் பரிசு 1965ல், மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. "பரிசு பெற்றுக்கொண்டார்" என்று எழுதிவிடாதீர்கள்.

பெயர்களை வாயில் பழக்குதல்

அழைப்பிதழில் 'செசீலியா' என்றுதான் அச்சிடுவோம். படிக்கிறவர் முதல் எழுத்தை 'அச்சு' என்பதில் வருகிற சகரம் மாதிரி அழுத்திச் சொல்லிவிடக்கூடும். வாசிப்பவர் தாளில் மட்டும் 'ஸெஸீலியா' என்று கிரந்தத்தில் எழுதிக் கொடுங்கள். அழுத்தம் 'ஸீ'யில். மெய்ரேலிஸில் அழுத்தம் 'ரே'யில். ரியோக்காரர்கள் கடைசி ஸகரத்தை ஷகரமாக்கி 'மெய்ரேலிஷ்' என்பார்கள். அதை நாமும் செய்து காட்ட வேண்டியதில்லை.

போர்த்துக்கீசியத்தில் இரண்டு ஒலிகள் தமிழருக்கு இனாமாகக் கிடைத்தவை. சொல்லின் கடைசியில் அழுத்தமில்லாமல் வரும் ஒகரம், எழுத்தில் ஒகரமாக இருந்தாலும் வாயில் உகரமாகக் குறுகும். 'ரெத்ராத்தோ' என்று எழுதியிருப்பதை 'ஹெத்ராத்து' என்பார்கள். நம் குற்றியலுகரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. இரண்டாவது, மூக்கொலி. 'சாவோ' என்று நாம் எழுதுகிற சொல்லை அவர்கள் மூக்கால் முடிப்பார்கள். அதைக் கற்றுக்கொடுக்க எளிய வழி: "அவன் வந்தான்" என்பதைப் பேச்சில் வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள். 'வந்தான்' என்பதன் கடைசி னகரம் நாக்கில் நிற்காமல் மூக்கில் கரைகிறதல்லவா, அதுதான். சொல்லின் முதலில் வரும் ரகரம் ஹகரமாகும் என்பதையும் சேர்த்தால் ஒரு கவிதையை மூலமொழியில் ஒருவர் வாசித்துக் காட்ட இந்த மூன்று விதியும் போதும். ஒரே ஒரு கவிதை, ஒரு நிமிடத்துக்குள். அதற்கு மேல் போனால் வித்தை காட்டுவது போல ஆகிவிடும்.

'ஏக்கம்' என்று நேராகச் சொல்லக்கூடிய போர்த்துக்கீசியச் சொல் ஒன்றை வைத்துக்கொண்டு, இது மொழிபெயர்க்கவே முடியாதது என்று கால் மணி நேரம் விளக்க யாராவது ஒருவர் முன்வருவார். வேண்டாம்.

எந்தக் கவிதைகள், எந்த வரிசையில்

ஆறு கவிதை. எட்டு என்றால் கூட்டம் நெளியும். சிறிய கவிதை ஒன்று தமிழில் ஒன்றேகால் நிமிடம் ஓடும். ஒருமுறை வாசித்து, 20 நொடி சும்மா இருந்து, இன்னொரு குரலில் மறுபடி வாசிக்க வேண்டும். முதல் வாசிப்பில் பொருள் போகும், இரண்டாவதில்தான் ஓசை. ஆக ஒரு கவிதைக்கு 4 நிமிடம் என்று கணக்கு வையுங்கள்.

'மொச்சிவு'க்கு அடுத்தது 'ரெத்ராத்து' (உருவப்படம்). இரண்டும் 'வியாஜெம்' தொகுதியில் உள்ளவை. இன்றைய இந்த முகம் அன்று எனக்கில்லை என்ற பொருளில் தொடங்கி, கண், உதடு, கை, நெஞ்சு என்று ஒவ்வொன்றாகத் தொட்டு, எந்தக் கண்ணாடியில் என் முகம் தொலைந்தது என்ற கேள்வியில் நிற்கும் கவிதை. செட்டிநாட்டு வீட்டில் இதை வாசிக்க இடம் தேட வேண்டாம். சுவரின் உச்சியில் முன்பக்கம் சாய்த்து மாட்டிய பெரியவர்களின் படங்கள் இருக்கும். எதிரே ரசம் போன பெல்ஜியக் கண்ணாடி இருக்கும். வாசிப்பவர் அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றால் போதும். "இந்தப் படங்களைப் பாருங்கள்" என்று சுட்டிக்காட்டிக் கெடுத்துவிடாதீர்கள். அவர்களாகவே நிமிர்ந்து பார்ப்பார்கள்.

மூன்றாவதாக 'ரொமான்ஸெய்ரு த இன்கொன்ஃபிதென்ஸியா'வில் ஒரு பகுதி. 1953ல் வந்த இந்த நூல் 85 கதைப்பாடல்களால் ஆனது. பொருள், 1789ல் பிரேசிலின் மினஸ் ஜெராயிஸ் தங்கச் சுரங்க வட்டாரத்தில், அன்று ஆண்ட போர்ச்சுகல் அரசுக்கு எதிராக நடந்த சதி. சுரங்கத் தங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு அரசுக்கு. ஆண்டுக்கு 100 அரோபா, அதாவது ஏறத்தாழ 1,500 கிலோ, கட்டியாக வேண்டும் என்று விதித்திருந்தார்கள். சுரங்கம் வற்றியபின்னும் பாக்கியைக் கட்டாயமாக வசூலிக்கப்போகிறார்கள் என்ற அச்சத்தில் சதி உருவாயிற்று. கூட்டாளி ஒருவனே காட்டிக்கொடுத்தான். பல் பிடுங்குகிறவர் என்று பொருள்படும் 'திராடென்டிஸ்' என்ற பட்டப்பெயர் கொண்ட ஜொவாக்கிம் ஜொசே த சில்வா சாவியரை 1792 ஏப்ரல் 21ல் ரியோவில் தூக்கிலிட்டு, உடலைத் துண்டாக்கித் தலையைச் சதி நடந்த ஊருக்கே அனுப்பினார்கள்.

இதைக் கேட்கும்போது இந்த வட்டாரத்தில் யாருக்கும் திருப்பத்தூர் நினைவு வராமல் போகாது. 1801 அக்டோபர் 24ல் மருதுபாண்டியர் தூக்கிலிடப்பட்ட இடம் காரைக்குடியிலிருந்து பஸ் ஏறிப் போய்வருகிற தூரம். அக்டோபர் கடைசியில் அஞ்சலி முடிந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. ஒப்புமையை ஒரு வாக்கியத்தில் சொல்லி நிறுத்துங்கள். இரண்டும் ஒன்றல்ல: அங்கே சதி செய்தவர்களில் பலர் வழக்கறிஞர், பாதிரியார், படை அதிகாரி, கவிஞர் என்று குடியேற்றச் சமூகத்தின் மேல்தட்டு, ஒரு போர்கூட நடக்கவில்லை. இங்கே நடந்தது பாளையப் போர். உண்மையில் பொருந்துவது வடிவம்தான். 'சிவகங்கைச் சரித்திரக் கும்மி', 'சிவகங்கைச் சரித்திர அம்மானை' என்று நம்மிடம் இருப்பது போல, ஐபீரிய நாடுகளின் பழைய வாய்ப்பாட்டு வடிவத்தை எடுத்துத்தான் செசீலியா 20ஆம் நூற்றாண்டில் எழுதினார்.

85ல் 53வது பாடலை எடுங்கள். சொற்களை விளித்து, காற்றில் பறக்கிற உங்களுக்குத்தான் எத்தனை விசித்திரமான வலிமை என்று வியக்கிற பாடல். ஒரு வார்த்தை வெளியே போனதால் ஓர் ஆளின் கழுத்தில் கயிறு விழுந்த கதை இது என்று முன்னால் சொல்லிவிட்டால் வேறு விளக்கம் தேவையில்லை.

நான்காவது, இந்தியக் கவிதைகளில் ஒன்று. பெங்களூர்க் காலை பற்றி ஒன்று இருக்கிறது, கடைத்தெரு பற்றி, டெல்லியின் குதிரைகள் பற்றி இருக்கின்றன. நம் ஊருக்கு எருமைகள் குளிக்கும் கவிதைதான் சரி. ஐந்தும் ஆறும் குழந்தைப் பாடல்கள். அவற்றுக்குப் பிறகு வருகிறோம்.

மொழிபெயர்ப்பு எங்கே கால் இடறும்

ஆங்கில வழியாக மொழிபெயர்ப்பவர்கள் மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். போர்த்துக்கீசியம் தெரியாவிட்டாலும் வரி எண்ணிக்கை, அடியிறுதி ஒலி, திரும்ப வரும் சொல் மூன்றும் கண்ணுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் காணாமல்போவது பெரும்பாலும் இந்த மூன்றும்தான்.

'மொச்சிவு'வில் முதல் பொறி: அவர் தன்னை அழைத்துக்கொள்வது 'பொஎத்தா' என்று. பெண்பாலுக்கென்றே 'பொஎத்தீஸா' என்ற சொல் அந்த மொழியில் இருந்தும் அதைத் தொடவில்லை. எனவே தமிழில் 'கவிதாயினி', 'பெண் கவிஞர்' எதுவும் ஆகாது. 'கவிஞர்' என்ற நம் பொதுச்சொல் அப்படியே பொருந்துகிறது. தன்னைப் பற்றித் தானே சொல்லும்போது ரகர விகுதி மரியாதை சேர்ந்து ஒலிக்கும் என்று தயங்குபவர்கள் 'கவி' என்று முடிக்கலாம். ஓசைக்கும் அது குறுகலாக, நல்லதாக இருக்கும்.

கதைப்பாடலின் அடி பெரும்பாலும் ஏழு அசை. அதையும் கடைசி அழுத்த அசை வரைதான் எண்ணுவார்கள், பின்னால் தொங்குவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கும்மியில் ஏழு சீர் இருக்கிறதே என்று அதில் கொண்டுபோய்ப் பொருத்தினால் அடி மும்மடங்கு நீளும், வேகம் போய்விடும். மூன்று அல்லது நான்கு சீர் கொண்ட குறுகிய அடி எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் எதுகை அடியின் கடைசியில் வரும்; நாம் அதை இயைபாக ஒவ்வோர் அடியிலும் இழுத்தால் விளம்பரப் பாட்டு மாதிரி ஆகிவிடும். இரண்டாம் எழுத்து எதுகைக்கு மாற்றி, இரண்டு அடிக்கு ஒருமுறை மோனை வைத்தால் அதே இறுக்கம் கிடைக்கிறது.

எருமைக் கவிதையில் தண்ணீர் எது என்று முடிவு செய்தாக வேண்டும். 'குளம்' என்று எழுதினால் பொதுவாக இருக்கும். 'ஊருணி' என்று எழுதினால் கூட்டத்தில் சிரிப்பு வரும், சிலருக்குக் கோபமும் வரும்: ஊருணி குடிதண்ணீர், அதில் காலை நனைக்கவே விட மாட்டார்கள், எருமையை யார் இறக்குவது? 'கண்மாய்' சரி.

குழந்தைப் பாடல்களில்தான் உண்மையான வேலை. 1964ல், அவர் மறைந்த ஆண்டில், வந்த 'ஓ இஸ்து ஓ அகீலு' என்ற தொகுதி பிரேசில் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்தது. தலைப்பை 'இதுவா அதுவா' என்று வைக்கலாம். மழை இருந்தால் வெயில் இல்லை, காசைச் சேர்த்தால் மிட்டாய் இல்லை, மிட்டாய் வாங்கினால் காசு இல்லை என்று போகும். காசும் மிட்டாயும் வருகிற இடத்தில் இந்த ஊர்ப் பிள்ளைகள் சரியாகப் பிடித்துக்கொள்வார்கள். கையுறை போட்டால் மோதிரம் போட முடியாது என்ற வரிதான் சங்கடம். நம் பிள்ளைகளுக்குக் கையுறை என்றால் ஆஸ்பத்திரி. பெரியவர்களுக்கான தாளில் கையுறையை அப்படியே விடுங்கள். பிள்ளைகளுக்கு, மருதாணி வைத்தால் முறுக்குத் தின்ன முடியாது என்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தாளின் அடியில் 'தழுவல்' என்று போட வேண்டும். செய்ததைச் சொல்லிவிட்டால் குற்றமில்லை.

பவள மாலை போட்ட கரோலினா என்ற பெண்ணின் பாட்டில் பொருள் மிகக் கொஞ்சம்; க, ர, ல ஒலிகள் உருண்டு விளையாடுவதுதான் பாட்டு. பெயரைக் காப்பாற்றினால் பாட்டு சாகும். பெண்ணுக்குப் பவளக்கொடி என்று பெயர் வைத்துப் பகரத்தில் உருட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட அருமை கொசு எழுதும் பாட்டு. நீண்ட கால்களைப் பின்னி ஓர் எழுத்து, நடுங்கி நடுங்கி நீள்வட்டமாக இன்னோர் எழுத்து என்று கொசு தன் பெயரை உடம்பாலேயே எழுதி முடிக்கும்; இனி அது எழுத்தறியாத பூச்சி அல்ல; எழுதிய களைப்பில் பசி வந்து, கடிக்க ஆள் தேடிப் போகும். ரோமன் எழுத்தின் வடிவத்தில்தான் வேடிக்கை என்பதால் இதை மொழிபெயர்க்க முடியாது என்று ஒதுக்குகிறார்கள். தமிழில் இன்னும் நன்றாக வருமே! 'கொசு' என்ற சொல்லை எழுத என்ன வேண்டும்? முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு ககரம், அப்புறம் கால். கொம்பும் காலும் நம் எழுத்துக்கே உண்டு, கொசுவுக்கும் உண்டு. சகரத்தின் கீழே உகரத்துக்கு ஒரு சுழி. கொம்பை நீட்டி, வயிற்றை வளைத்து, காலை ஊன்றி, வாலைச் சுழித்து என்று நாலு அடியில் கொசு தன் பெயரை எழுதிவிடும். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரை நிறுத்தி, ஒருவர் கொம்பு, ஒருவர் கால் என்று கையைக் காலை நீட்டி எழுதச் சொல்லுங்கள். ஏழெட்டு நிமிடம் ஆகும். மாலையின் நடுவில் வைக்காதீர்கள், அதற்குப் பிறகு யாரையும் உட்கார வைக்க முடியாது. கடைசியில்தான்.

பிள்ளைகள் பகுதிக்கு முன்னால் ஒரு தகவல் சொல்லலாம். 1934ல் ரியோவின் பொத்தாஃபோகுவில், ஒரு பழைய மூரிஷ் பாணி மண்டபத்தில், பிரேசிலின் முதல் சிறுவர் நூலகத்தைத் தொடங்கியவர் செசீலியா. 1937ல், சர்வாதிகாரம் வந்த ஆண்டில், அது மூடப்பட்டது. அதற்கு முன் 1930லிருந்து 33 வரை நாளிதழ் ஒன்றில் கல்விப் பக்கம் நடத்தி, பள்ளியில் மதபோதனையைப் புகுத்தும் அரசாணையை எதிர்த்து எழுதியவரும் அவரே. 'கண்ணீர்க் கவிஞர்' என்ற படத்தை உடைக்க இந்த இரண்டும் உதவும். வளர்த்தது பாட்டி ஜசிந்தா என்பதையும் இங்கே சொல்லுங்கள்: அம்மாவைப் பெற்றவர், அசோர்ஸ் தீவுக்காரர். இந்த ஊர் வழக்கில் ஆயா. அந்த ஒரு சொல்லிலேயே பாதி வாழ்க்கை வரலாறு புரிந்துவிடும்.

உரிமை விஷயம்

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு காப்புரிமை. 1964ல் இறந்தவர் என்பதால் அவர் வாழ்நாளில் வெளியிட்டவற்றுக்கு 2024 டிசம்பர் 31ஓடு இங்கே முடிந்தது. மொழிபெயர்த்து அச்சிட்டு விற்கலாம். பிரேசிலில் 70 ஆண்டு, அதாவது 2034 கடைசி வரை; எனவே முழுக் கவிதைகளை மூலத்தோடு இணையத்தில் ஏற்றுவதில் கவனம் வேண்டும். ஆங்கில மொழிபெயர்ப்புகளுக்கு அந்த மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனி. அவர் மொழிபெயர்ப்பைத் தமிழாக்கினால் அவரிடம் கேட்டாக வேண்டும். புகைப்படங்களுக்கும் அப்படியே. வள்ளியப்பா மறைந்தது 1989. அவர் பாடல்களைத் துண்டறிக்கையில் முழுதாக அச்சிடுவதற்கு முன் உரிமையாளரிடம் கேளுங்கள். கூட்டத்தில் ஓரளவு பகுதியை வாய்விட்டு வாசிப்பதற்குத் தடையில்லை.

அச்சு

பிளெக்ஸ் கடையில் பழைய தமிழ் எழுத்துருக்களில்தான் இன்னும் வேலை நடக்கிறது. அவற்றில் அலைக்கோடு போட்ட ரோமன் எழுத்தும் வால் வைத்த எழுத்தும் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். அதனால் மூலத் தலைப்பைக் கொடுத்தால் நடுவில் ஒரு 'றி'யோ 'ணு'வோ முளைத்து வரும். யூனிகோடில் நீங்களே அமைத்து, எழுத்துருவைப் பதித்த பிடிஎஃப்பாகக் கொடுங்கள். கவிதைத் தாள் ஏ4, 14 புள்ளி, ஒரு பக்கம் மட்டும். 40 பேருக்கு 45 படி. இரண்டு பக்கமும் அடித்தால் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் தாளைத் திருப்புவார்கள். அந்தச் சலசலப்பில் ஒரு வரி போய்விடும்.

இடம், ஒலி, மழை

நவம்பர் முதல் வாரம் வடகிழக்குப் பருவமழைக் காலம். வளவின் நடுவே திறந்த வானம். மழை பிடித்தால் கூரைத் தண்ணீர் நாலு மூலையிலும் அண்டாவில் கொட்டுகிற சத்தத்தில் எந்தக் குரலும் எடுபடாது. ஆகவே கூரையுள்ள கூடமான பட்டாலையை மாற்றிடமாக முன்கூட்டியே விரித்து வையுங்கள். மழை வந்தபின் சமுக்காளத்தைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. அன்றைக்கு மட்டும் அண்டாக்களை இரண்டாங்கட்டுக்கு நகர்த்திவிட்டால் சத்தம் பாதியாகும்.

மழை இல்லாவிட்டால் வளவுப் பத்தி, அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம். வாசிப்பவர் குறுகிய பக்கத்தில், மூடிய அறைக்கதவைப் பின்னால் வைத்து நிற்கட்டும். கேட்பவர்கள் அதே பக்கத்திலும் இரு ஓரப் பத்திகளிலும். முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் யாரையும் உட்கார வைக்க வேண்டாம், குரல் வானத்துக்குப் போய்விடும். பட்டாலையில் சிக்கல் நேர்மாறானது. ஆத்தங்குடிக் கல்லும் மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரும் ஒலியை விடாமல் திருப்பி அனுப்பும். ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறும். ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். ஓசை ஒரு நொடிக்கு மேல் நின்றால் தரை முழுக்கச் சமுக்காளம், தூணுக்குத் தூண் நாலைந்து கண்டாங்கிச் சேலை. பருத்தி என்பதால் ஒலியைக் குடிக்கும், பட்டு உதவாது. 40 பேருக்கு மைக் வேண்டியதில்லை, வாசிப்பவர் வேகத்தைக் கால்பங்கு குறைத்தால் போதும்.

5:45க்கு ஆள்கள் வரட்டும். அந்த நாள்களில் சூரியன் மறைகிற நேரமும் அதுதான். 6 மணிக்கு வரவேற்பு, உடனே 'மொச்சிவு'. கவிதைகளும் இடைப்பேச்சும் 50 நிமிடம். கேள்விக்குக் கால் மணி. கொசு கடைசிக் கால் மணி. கரண்ட் போனால் என்ன செய்வது என்று யோசித்து வையுங்கள்: வாசிப்பவர் இருவருக்கும் கைவிளக்கு ஒவ்வொன்று, அவ்வளவுதான். 'ரெத்ராத்து' வாசிக்கும்போது போனால் நல்லது.

வெள்ளைப் பணியாரம் தலைக்கு மூன்று, 120. கூடவே மிளகாய்ச் சட்னி. பணியாரத்தைக் கொசு பறந்து முடிந்த பிறகு, தாள்களைத் திரும்ப வாங்கிய பிறகு மட்டும் இறக்குங்கள். எண்ணெய்க் கை பட்ட கவிதைத் தாள் அடுத்த ஆண்டுக்கு உதவாது.